ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் டாக்டருக்கு என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் 11 வருஷம் நின்றவன் நான். இப்போது அம்பாசமுத்திரத்திலிருந்து வள்ளியூர் வரை உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் போய், மருத்துவ முடிவுக்குத் துணை நிற்கும் மென்பொருள்களைப் புழங்க சிஸ்டர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறேன். போகிற இடமெல்லாம் கேள்வி வருகிறது. டாக்டர் கேட்பது ஒரு மாதிரி, ஓபி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி கேட்பது வேறு மாதிரி. இரண்டையும் கலந்தே தந்திருக்கிறேன், கேட்டவர்கள் பேச்சிலேயே.

"கம்ப்யூட்டர்தான் மருந்து எழுதுதாமே, டாக்டர் சும்மாதான் இருக்காவளா?"

எழுதுவது டாக்டர்தான். எழுதும்போது தோளைத் தட்டி, "இதைக் கவனிச்சீங்களா?" என்று கேட்பது மென்பொருள்.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்த ஒருவர், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிட்டு வருகிறார். பல்வலிக்கு வேறொரு டாக்டரிடம் போகிறார். அவர் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதுகிறார். இரண்டும் சேர்ந்தால் வார்ஃபாரினின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். பழைய மாத்திரை கணினியில் ஏறியிருந்தால், புது மருந்தின் பெயரை அடித்ததும் திரையில் சிவப்புக் கட்டம் எழும். ஏறியிருக்காவிட்டால் எழாது. நான் நடத்தும் பயிற்சி மொத்தமும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

டோலோவும் கால்பாலும் ஒரே பாராசிட்டமால்தான்; பெயர் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. அதையும் பிடிக்கும். எடைக்கும் சிறுநீரகத்தின் நிலைக்கும் ஏற்ற மருந்தளவைக் கணக்குப் போடும். நோயின் தீவிரத்துக்குப் புள்ளி போடும். எக்ஸ்ரே, விழித்திரைப் படம் பார்க்கும் வகைகளும் இருக்கின்றன.

"கம்ப்யூட்டர் வாரதுக்கு முன்ன எப்படி முடிவெடுத்தாவ?"

வயல்காட்டு ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பாம்பு கடித்து வந்தவரின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது, விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். உறைந்திருந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. உடன் வைத்துக் கவனித்து மறுபடி சோதிப்பார்கள். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குவதால் குழாய் அவற்றைக் காட்டிக்கொடுக்காது. அங்கே இமை சரிகிறதா என்று முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கடிகாரம், ஒரு குழாய், ஒரு விதி. இதுவும் முடிவுத் துணைக் கருவிதான், கரண்ட் வேண்டாத கருவி. ஆனால் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, கழுவிய சோப்பு ஒட்டியிருந்தாலோ விடை பொய்யாகிவிடும். கணினிக்கும் இதே கதைதான்.

கணினி வந்தது 1970களில். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும், கடும் வயிற்றுவலியோடு வந்த 304 பேரின் அறிகுறிகளைக் கணினியில் ஏற்றி, என்ன நோயாக இருக்கும் என்று நிகழ்தகவு கணக்கில் சொல்ல வைத்தார்கள். 1972-ல் வெளியான முடிவில் கணினி 91.8 சதவீதம் சரி, மூத்த மருத்துவர் 79.6 சதவீதம் சரி. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. பின்னாளில் பல மருத்துவமனைகளில் செய்த சோதனையில், அறிகுறிகளை ஒழுங்காகக் கேட்டு படிவத்தில் நிரப்பப் பழகிய இளம் டாக்டர்களின் கணிப்பும் தேறியது. பலனில் ஒரு பங்கு கேள்வியை விடாமல் கேட்டதிலேயே கிடைத்துவிட்டது.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மைசின் என்ற ஒன்று, சுமார் 600 விதிகளோடு, எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் என்று யோசனை சொன்னது. நிபுணர்களுக்குச் சளைக்காத யோசனைதான். ஆனாலும் வார்டுக்குள் வரவே இல்லை. ஒவ்வொரு விவரத்தையும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய அங்கே யாருக்கு நேரம்?

"நம்ம பக்கத்துல இதெல்லாம் எங்க இருக்கு?"

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கியது. காசநோய் என்று உறுதியானவர்களில் யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அன்றைக்கே பிரித்தெடுப்பது அதன் நோக்கம். எடை, உயரம் பார்த்து உடல் நிறை எண். இரண்டு காலிலும் வீக்கம் உண்டா. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழ், அல்லது கால் வீக்கத்தோடு 16 அல்லது அதற்குக் கீழ், மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், நிற்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியவர். டிபி சேவா என்ற வலைச் செயலியில் இந்த எண்களைப் போட்டால் தீவிரமானவரா என்று உடனே காட்டிவிடும்.

இதில் ஸ்கேன் இல்லை, விலையுயர்ந்த கருவி இல்லை. எடை பார்க்கும் மெஷின், டேப், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு கடிகாரம். நான் பார்த்தவற்றில் இதுதான் ஆகச் சிறந்த வடிவமைப்பு என்பேன். மூச்சை எண்ணும்போது மட்டும் ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் 24, 28 என்றுதான் தாவும். நடுவில் இருக்கும் 25, 26 வரவே வராது.

"எங்கம்மா முக்கூடல்ல பீடி சுத்துதா. நாள் பூரா வேலைதான். ஆனா உழைப்பே இல்லன்னு மார்க் போட்டாவளே?"

கோபம் நியாயம். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை நோய் அபாயப் புள்ளி இது. நாலே கேள்வி: வயது, இடுப்புச் சுற்றளவு, உடல் அசைவு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. உங்கள் அம்மாவுக்கு 52 வயது என்றால் 30 புள்ளி. இடுப்பு 91 சென்டிமீட்டர் என்றால் 20. பாட்டிக்குச் சர்க்கரை இருந்தால் 10. உட்கார்ந்தே செய்யும் வேலை, தனியாக உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. மொத்தம் 90. 60-ஐத் தொட்டாலே அபாயம் அதிகம் என்று கணக்கு.

மடியில் சொளவை வைத்துக்கொண்டு ஆயிரம் பீடி சுற்றுவது விரலுக்கும் முதுகுக்கும் கொடிய வேலை. ஆனால் சர்க்கரையை எரிக்கும் பெரிய தசைகள் காலிலும் தொடையிலும் இருக்கின்றன, அவை அசையவில்லை. கருவி கேட்பது அதை மட்டும். அதைத் திரையில் "உழைப்பு இல்லை" என்று எழுதியவர் பீடி சுற்றுபவரைப் பார்த்ததே இல்லை போலும். "உட்கார்ந்த வேலை" என்று மாற்றச் சொல்லி, மாற்றவும் வைத்தேன்.

இன்னொன்று: சேலைக் கொசுவத்துக்கு மேல் டேப்பைச் சுற்றினால் 88 கூட 91 ஆகிவிடும். 80 முதல் 89 வரை இருந்தால் 10 புள்ளி, 90 ஆனால் 20. அம்மாவுக்கு எப்படியும் 60 தாண்டிவிடும். விளிம்பில் நிற்பவருக்கு இந்த இரண்டு மடிப்புத் துணி கணக்கை மாற்றிவிடும். 90 புள்ளி வந்துவிட்டதாலேயே அவருக்குச் சர்க்கரை நோய் என்று ஆகிவிடாது. போய் ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் அதற்குப் பொருள்.

"சாஃப்ட்வேர் தப்பாச் சொல்லுமா?"

சொல்லும். நான் நேரில் பட்டதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்.

72 வயது ஆச்சி, 45 கிலோ, நெஞ்சுவலியோடு சேர்ந்தார். ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸாபாரின் ஊசி. இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சிறுநீரகம் சுத்திகரிக்கும் வேகம் நிமிஷத்துக்கு 30 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் நாளுக்கு இரண்டு ஊசி, 30-க்குக் கீழ் போனால் ஒன்றுதான். அந்த வேகத்தை மென்பொருள் காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் கணக்கிட்டது: 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் இருக்கும் அளவு) 72-ஆல் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும்; பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

திரையில் ஆச்சிக்கு வந்த விடை 36. இரண்டு ஊசி சரி என்றது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் வயிற்றில் ஊசி போட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கட்டு. வாய் கொப்பளித்த தண்ணீரில் சிவப்பு. "டாக்டரம்மா, பல்லு வெளக்கவே இல்ல, ரத்தம் வருது" என்று ஆச்சியே காட்டினார்.

கேஸ் ஷீட்டில் லேப் சீட்டு குத்தப்பட்டே இருந்தது. கிரியாட்டினின் 1.8. கணினியில் 1.0. அந்தக் கட்டத்தில் 1.0 என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தார்கள். வேறு எண் அடிக்காவிட்டால் அதுவே நிற்கும். லேப் முடிவு வருவதற்கு முன்பே அட்மிஷன் என்ட்ரியை முடித்துவிட்டார்கள், பிறகு யாரும் திருத்தவில்லை. 1.8 என்று அடித்துப் பார்த்தோம்: 20. திரை சிவந்தது. ஊசியைக் குறைத்தார்கள், ஆச்சி எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார்.

சூத்திரம் தவறவில்லை, மென்பொருள் தவறாகக் கூட்டவுமில்லை. தெரியாத இடத்தில் தெரிந்ததுபோல் ஓர் எண்ணை உட்கார வைத்ததுதான் தப்பு. அதற்கடுத்து நான் போன எல்லா ஆஸ்பத்திரியிலும் முதல் வேலையாக முன்னிரப்பிய எண்களைக் காலி செய்யச் சொல்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் கணக்கு ஓடாது, யாராவது எரிச்சலோடு லேபுக்குப் போன் போடுவார்கள். அந்த எரிச்சல் நல்லது.

"எந்நேரமும் அலர்ட்டு. படிக்க ஏலாம எல்லாத்தையும் மூடிருதோம். தப்பா சார்?"

கேட்டவர் இரவு டூட்டி சிஸ்டர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மருந்து எச்சரிக்கைகளை மருத்துவர்கள் படிக்காமலோ ஏற்காமலோ தாண்டிப் போவது 49 முதல் 96 சதவீதம் வரை என்று 2006-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஹாரன் சத்தத்துக்கு யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

வார்ஃபாரின்–மெட்ரோனிடசோல் மாதிரி உயிருக்கு ஆபத்தானவை மட்டும் வேலையை நிறுத்திக் கேட்க வேண்டும். மற்றவை ஓரமாக மஞ்சளில் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை, அதிகம் மூடப்பட்ட பத்து அலர்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரும் மருந்தாளுநரும் உட்கார்ந்து வேண்டாததைக் கழிக்க வேண்டும். இதைச் செய்யவிடாத மென்பொருளை வாங்காதீர்கள். மூடும்போது "ஏன்?" என்று கேட்கும் கட்டமும் வேண்டும். ஆனால் அதில் ஒரு புள்ளியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

"90 சதவீதம் கரெக்ட்டுன்னு விக்க வந்தவர் சொன்னார். நம்பலாமா?"

எதில் 90 என்று கேளுங்கள். ஊரில் 1000 பேரைச் சோதிக்கிறோம், 10 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவரில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவரில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் கருவி. 10 பேரில் 9 பேரைப் பிடித்துவிட்டது. மீதி 990 பேரில் 99 பேரையும் நோயாளி என்றுவிட்டது. ஆக 108 பேருக்குச் சீட்டு. உண்மையில் நோய் 9 பேருக்கு. பன்னிரண்டில் ஒருவர். அந்த 99 பேருக்கு மறுபரிசோதனைச் செலவும் தூக்கமில்லாத ராத்திரியும். மறுபரிசோதனை மலிவாகவும் பக்கத்திலும் இருந்தால் இதுவும் ஏற்கத்தக்கதே. இல்லையென்றால் யோசிக்க வேண்டும்.

விற்பவர் சொன்ன எண் உங்கள் வார்டில் வருமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் கெடும் நிலை) வருவதை எச்சரிக்கும் ஒரு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கை அது தவறவிட்டிருந்தது.

"வெளிநாட்டுல செஞ்சது நம்ம ஆளுக்குச் சரிப்படுமா?"

ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரமே 1976-ல் கனடாவில் 249 ஆண்களின் அளவுகளிலிருந்து பிறந்தது, பெண்ணுக்கு 0.85 என்பது அந்த அளவுகளிலிருந்து வராமல் ஒட்டவைத்த திருத்தம். ஆனாலும் உலகம் முழுக்க அதைத்தான் போடுகிறார்கள், நம் ஆச்சிக்கும் அது உதவியது.

ஆக்சிமீட்டர் விஷயம் வேறு. கறுத்த தோலுள்ளவர்களிடம் உண்மையான ஆக்சிஜன் குறைவை அது தவறவிடுவது, வெள்ளைத் தோலுள்ளவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நம் மக்களில் பலர் அந்த நிறம்தானே. 95 என்று காட்டினாலும் மூச்சிரைத்தால் ஆளைப் பாருங்கள்.

விதிகளும் மண்ணைப் பொறுத்தவை. பாம்புக்கடி விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. ஆள் சிறியவன் என்று பாம்பு விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. "குழந்தை என்றால் எடைக்கேற்பக் குறை" என்று பொதுவிதி எழுதிய மென்பொருள் இங்கே ஆபத்து. ஒரு வாரக் காய்ச்சலோடு வந்தவருக்கு, சிறு உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் இருக்கலாம். சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ ஒளிந்திருக்கும். சட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். பொருக்கு உண்டா என்ற கேள்வியே இல்லாத செயலி அந்த நோயைப் பட்டியலின் அடியில் தள்ளிவிடும்.

படம் பார்க்கும் மென்பொருளுக்கு வெளிச்சமும் வேண்டும். சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்க கூகுள் செய்த மென்பொருள், மதுரை அரவிந்த் உள்ளிட்ட நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளின் படங்களிலும் பயின்றது. 2016-ல் வந்த முடிவு பிரமாதம். பிறகு தாய்லாந்து கிராமப்புறச் சிகிச்சை மையங்களில் வைத்தபோது, ஐந்தில் ஒரு படத்தைத் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. இருட்டறை இல்லாத இடத்தில் எடுத்த படங்கள்.

"போன்ல கேட்டா அதுவே மாத்திரை சொல்லுதே, வாங்கிச் சாப்பிடலாமா?"

வேண்டாம். 2020 மார்ச் 25-ல் வந்த இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறை இதில் தெளிவு: செயற்கை நுண்ணறிவுத் தளம் நோயாளிக்கு நேரடியாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. பதிவுபெற்ற மருத்துவருக்கு உதவலாம். கடைசிச் சீட்டு அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்று டாக்டர்கள் கேட்பதற்கும் பாதி விடை இதிலேயே இருக்கிறது: கையெழுத்து யாருடையதோ அவர். மறுபாதி: மருத்துவப் பயனுக்கான மென்பொருளும் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவச் சாதனங்களுக்கான சட்ட வரையறைக்குள் வந்துவிட்டது. விற்க வருபவரிடம் உரிமத்தைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

"எங்க வெவரத்தை எல்லாம் எங்க கொண்டு போறாவ?"

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2023-ல் வந்த தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறச் சொல்கிறது. ஆபா என்ற 14 இலக்க தேசியச் சுகாதாரக் கணக்கு எண் இருந்தால் வெவ்வேறு ஆஸ்பத்திரிப் பதிவுகளை இணைக்கலாம். அந்த எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

"நெட்டு போயிட்டா?"

மாஞ்சோலை மலைப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் கேள்வி சிரிப்பு தரும். முக்கியமான பத்து விதிகளை அட்டையில் அச்சடித்துச் சுவரில் மாட்டுங்கள். அப்புறம் அந்த அட்டையில் தேதி போடுங்கள். பழைய அட்டை புது டாக்டரை ஏமாற்றும்.

"டாக்டர் பொட்டியையே பாக்காவ, எங்க மூஞ்சியப் பாக்க மாட்டுக்காவளே?"

இந்தக் குறையை நான் எல்லா ஊரிலும் கேட்கிறேன். திரையைப் பக்கவாட்டில் திருப்பி, நோயாளியும் பார்க்கும்படி வைத்தால் பாதி தீரும். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு டாக்டரம்மா நோயாளி பேசி முடிக்கும்வரை கீபோர்டைத் தொடமாட்டார். ஓபி நீளும்தான். அவரிடம்தான் கூட்டமும் அதிகம்.

"அப்போ நாங்க வரும்போது என்ன கொண்டு வரணும்?"

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே கொண்டு வாருங்கள். நாட்டு வைத்தியர் தந்த சூரணம், லேகியம், பக்கத்து வீட்டு மதினி கொடுத்த வலி மாத்திரை, இன்சுலின் எல்லாம் சேர்த்து. கணினி இவற்றைக் கேட்காது, நீங்கள் சொன்னால்தான் உண்டு. எந்த மருந்துக்காவது முன்பு தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியாக எப்போது எடை பார்த்தது என்பதும் தேவை.

கடையில் அட்டையை வெட்டி நாலு மாத்திரை தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடும். அது இல்லாத வெள்ளை மாத்திரையைக் கணினியில் எப்படி ஏற்றுவது? பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கவரில் எழுதித்தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். நானும் 11 வருஷம் சுளித்தவன்தான்.